அல்போன்ஸ் புதைத்ததும் எடுத்ததும்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிகிற நேரம். ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். அல்போன்ஸுக்கு மூச்சே நின்றுபோனது.

ஃபாதர் நல்ல செய்தியைத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வர்ற மூணாவது ஞாயிறு, கல்யாணமாகி முப்பது வருஷம் முடிச்ச தம்பதிகளுக்கு விசேஷ ஆசீர்வாதம் இருக்கு. பீடத்துக்கு முன்னால வந்து நிக்கணும். கல்யாண மோதிரத்த மறந்துடாதீங்க. அதை மந்திரிச்சு, மறுபடி போட்டு விடப்போறேன்." பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். இரண்டாவது பெயர், "அல்போன்ஸ், பார்பரா."

அல்போன்ஸ் பக்கவாட்டில் திரும்பினார். அவருடைய மனைவி பார்பரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சாந்தமாக உட்கார்ந்திருந்தார்.

"யாரு பேரு குடுத்தது?"

"நாந்தாங்க. முப்பது வருஷம் நீங்க என்னைப் பொறுத்துக்கிட்டீங்க, நான் உங்களப் பொறுத்துக்கிட்டேன். சாமி முன்னால ஒரு தடவ ஒத்துக்க வேணாமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த..."

"ஷ்ஷ். கடைசி ஆசீர்வாதம்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். அல்போன்ஸும் குனிந்தார். குனிந்த கண் இடது கை விரலில் விழுந்தது. விரல் வெறும் விரலாக இருந்தது. அதில் இருக்கவேண்டிய மோதிரம் எட்டு மாதமாக எங்கே இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்தக் கடவுளிடம்தான் இப்போது அதை மந்திரிக்கக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

அல்போன்ஸ் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கொழுந்தை உருட்டுகிற மெஷின் ஆறும் அவர் கைவசம். மெஷின் பக்கம் போகிறவன் மோதிரம் போடக்கூடாது. போட்டால் மெஷின் மோதிரத்தை விரலோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதனால் காலையில் கழற்றி ஓவரால் பையில் போடுவார், மாலையில் எடுத்து மாட்டுவார். இத்தனை வருஷமும் பிசகவில்லை. போன ஜூன் மாதம் ஒரு மாலை, பைக்குள் விரலை விட்டார். விரல் அடிப்பக்கமாக வெளியே வந்து எட்டிப்பார்த்தது. பையில் ஓட்டை.

அது மாமனார் போட்ட மோதிரம். மாமனார் இதே தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவர். உயிரோடு இருந்தவரைக்கும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டார், விரலைத்தான் பார்ப்பார். அப்பாவின் கண் மகளுக்கும் இருந்தது. அன்றைக்கு மறுநாள் சாயங்காலமே பார்பரா கேட்டுவிட்டார்.

"மோதிரம் எங்கங்க?"

"சுகர்ல விரல் வீங்கிருச்சு. பேக்டரி லாக்கர்ல பத்திரமா வச்சிருக்கேன்."

பார்பரா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "பத்திரமா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டார். இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று அல்போன்ஸ் மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தினார்.

தொழிற்சாலைக்கும் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவே தேயிலைக் காட்டுக்குள் ஒரு குறுக்குப் பாதை போகிறது. அதில்தான் எங்கேயோ விழுந்திருக்கவேண்டும். அல்போன்ஸ் முதல் வாரம் கண்ணால் தேடினார். பிறகு, மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கிற மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். பெட்டிக்குள் மெஷினோடு ஒரு பத்திரிகையும் இலவசமாக வந்தது. இங்கிலாந்தில் புதையல் தேடுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்களுக்காக மாதா மாதம் அச்சடிக்கிறார்கள். பெயர் 'பீப்'. மெஷின் அப்படித்தான் கத்தும் என்பதால் அந்தப் பெயர்.

பத்திரிகை அவரைக் கவிழ்த்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக்காரர்கள் முழங்கால் சேற்றில் நின்று பல்லைக் காட்டினார்கள். ஒருவர் கையில் ராஜா காலத்துக் காசு. ஒருவர் கையில் ராணி தொலைத்த தோடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தொலைந்ததே கிடைக்கிறதாம், ஜூன் மாதம் தொலைந்தது கிடைக்காதா? சந்தா கட்டிவிட்டார்.

வீட்டு விலாசத்துக்கு வரவழைக்கப் பயம். பார்பரா தோட்டத்துப் பாலர் பள்ளி டீச்சர், கான்வென்ட் இங்கிலீஷ். புத்தகம் கண்ணில் பட்டால் அட்டையிலிருந்து விளம்பரம்வரை படித்துவிட்டு, "எதத் தேடறீங்க?" என்று கேட்பார். அதனால் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மதுவின் விலாசத்தைக் கொடுத்தார். இன்னொரு வசதியும் இருந்தது. அல்போன்ஸின் இங்கிலீஷ் நட்டு, போல்ட்டோடு நின்றுவிடும். முகம்மது பாய் படித்துச் சொல்வார்.

ஒருமுறை பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்து வீட்டு ருக்குமணி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டது.

"அண்ணே, மாட்டுக்கறிக்குன்னு தனியா ஒரு புஸ்தகமா?"

"அது இல்லமா. இது வேற பீப்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதையெல்லாம் மடியில வச்சிருக்கீங்களே" என்று ருக்குமணி எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டது.

மெஷினை மட்டும் ஒளிக்கமுடியாது. அதற்கு ஒரு நல்ல காரணம் பிடித்தார். கொழுந்து வெட்டும் மெஷின்களின் பிளேடு அடிக்கடி கம்பியிலும் தகரத்திலும் பட்டு உடைகிறது. அந்தக் குப்பையை எல்லாம் பொறுக்கி எடுக்கிறேன் என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் கைகுலுக்கினார். அன்றுமுதல் விடிந்ததும் ஒரு நடை, வேலை விட்டதும் ஒரு நடை. மழையிலும் போனார், பனியிலும் போனார். அட்டை கடித்தது. வங்காளதேசத்து ஆட்கள் மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் சார்டின் டின், சைக்கிள் செயின், துரை வீட்டு ஸ்பூன் ஒன்று.

"இதெல்லாம் எதுக்குங்க, இந்த வயசுல?" என்பார் பார்பரா.

"தோட்டத்துக்கு ஒரு தொண்டு, பார்பரா."

"தொண்டுக்கும் தோண்டுக்கும் ஒரு கொம்புதாங்க வித்தியாசம். பார்த்து" என்பார் பார்பரா, பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

ஐந்து மாதம் இப்படி ஓடியதும் அல்போன்ஸ் மனம் உடைந்து பத்திரிகைக்கே ஒரு கடிதம் எழுதினார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல முகம்மது இங்கிலீஷில் தட்டி அனுப்பினார். 'ஐயா, நான் மலையில் வசிப்பவன். கல்யாண மோதிரத்தைத் தேயிலைக் காட்டில் தொலைத்துவிட்டேன். என் மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் நான் இல்லை. உங்கள் வாசகர்களில் அனுபவம் உள்ளவர்கள் யாராவது ஒரு வழி சொல்லவும். என் பெயரைப் போடவேண்டாம்.' இரண்டு மாதம் கழித்துக் கடிதம் அச்சில் வந்தது. பெயர் போடவில்லை. பதில் மட்டும் வரவே இல்லை.

இதுதான் கதை. இந்த நிலையில்தான் ஃபாதர் அந்த அறிவிப்பைப் படித்தார்.

பூசை முடிந்து வீட்டில் காலைப் பசியாறிய கையோடு அல்போன்ஸ் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங்குக்குப் பறந்தார். கடையில் கூட்டம் இல்லை. முகம்மதுவின் மனைவி ஃபௌசியா கல்லாவில் இருந்தார். அல்போன்ஸைப் பார்த்ததும் அவர் முகத்தில் என்னவோ ஒரு சிரிப்பு.

"வாங்க அண்ணே, உங்க புஸ்தகம் வந்திருக்கு."

முகம்மது பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, வாசகர் பக்கத்தைத் திருப்பினார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு மேசையைத் தட்டினார்.

"அண்ணே! பதில் வந்துருச்சு!"

"படிங்க பாய், படிங்க!"

"'மலையில் வசிக்கும் அன்பருக்கு. தேடினது போதும். அதே மாதிரி ஒரு புது மோதிரம் வாங்கவும்.'"

"வாங்கி?"

"இருங்கண்ணே. 'தங்க முலாம் பூசினது வேண்டாம். சுத்தத் தங்கமாக வாங்கவும். மனைவிமார் கண்ணுக்கு முலாம் தப்பாது. அளவு உங்கள் விரலைவிட ரெண்டு சைஸ் சின்னதாக இருக்கட்டும். மண்ணுக்குள் குளிர்ச்சியில் கிடந்த தங்கம் வெயில் பட்டதும் விரியும்.'"

அல்போன்ஸ் தலையாட்டினார். "கரெக்ட். சூட்டுல இரும்பே விரியுது. தங்கம் விரியாதா? இவரு மெஷின் தெரிஞ்ச ஆளு பாய்."

"'அதை ஒரு சாண் ஆழத்தில் புதைக்கவும். அன்றைக்கே மனைவியிடம் போய், மோதிரம் இன்றைக்குத்தான் விழுந்துவிட்டது என்று கண்ணீரோடு சொல்லவும். மறுநாள் நாலு பேர் முன்னால் மெஷினை வைத்துக் கண்டுபிடிக்கவும். குற்றவாளியாகப் போய் வீரனாகத் திரும்பலாம். இப்படிக்கு, முப்பது வருட அனுபவசாலி.'"

அல்போன்ஸின் கண் கலங்கியது. எங்கோ இங்கிலாந்தில் இருக்கிற ஒரு மனிதர், முன்பின் தெரியாதவர், ஒரு தமிழனின் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டாரே!

முகம்மது மட்டும் மோவாயைத் தடவினார். "என்னவோ அண்ணே, பொம்பள எழுதுன மாதிரி இருக்கு."

"பாய், எந்தப் பொம்பள பாய் இப்படி ஒரு யோசன சொல்லுவா?"

"அதுவும் சரிதான்" என்றார் முகம்மது. கல்லாவில் ஃபௌசியாவுக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே சமையல்கட்டுக்குள் ஓடினார்.

அடுத்த வாரம், மெஷினுக்கு பேரிங் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அல்போன்ஸ் மலையிலிருந்து ஈப்போ நகரத்துக்கு இறங்கினார். கையில் கல்யாணப் போட்டோ. நகைக்கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் போட்டோவில் இருந்த விரலைப் பார்த்தார்.

"டிசைன் செஞ்சிடலாம். உள்பக்கம் பேரு எதுவும் வெட்டணுமா?"

அல்போன்ஸ் யோசித்தார். பழைய மோதிரத்தின் உள்ளே 'பா' என்று ஒரு எழுத்து வெட்டியிருக்கும். ஆனால் உள்ளே எவன் பார்க்கிறான்? "வேணாம். சைஸ் மட்டும் ரெண்டு கம்மியா போடுங்க."

"உங்க விரலுக்கு ஏறாதே."

"விரியும்" என்றார் அல்போன்ஸ். நகைக்கடைக்காரர் ரசீதில் எழுதிக்கொண்டார்.

மோதிரம் கைக்கு வந்தது. ஆசீர்வாத ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலை விட்டதும், லயத்துக்குப் பின்னாலிருக்கும் முதல் நிரையில், கடைசித் தேயிலைச் செடிக்குக் கீழே ஒரு சாண் தோண்டினார். புது மோதிரத்தை வைத்தார். சிலுவை போட்டார். மூடினார். இலைச்சருகைப் பரப்பினார். அடையாளத்துக்கு ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார். பிறகு வீட்டுக்குள் போய் நாற்காலியில் விழுந்தார்.

"பார்பரா, நான் பாவி!"

"என்னங்க ஆச்சு?"

"இன்னைக்குத்தான் லாக்கர்ல இருந்து மோதிரத்த எடுத்துட்டு வந்தேன். ஞாயித்துக்கிழம போடணும்னு. பின்னாடி எங்கயோ விழுந்துருச்சு பார்பரா."

பார்பராவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. "ஐயோ! எங்கப்பா போட்ட மோதிரம்!" என்று நெஞ்சில் கை வைத்தார். அடுப்பைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்த இடத்தைத் திரும்பவும் துடைத்தார். "எட்டு மாசமா லாக்கர்ல பத்திரமா இருந்துச்சே! இன்னைக்குப் பார்த்தா எடுக்கணும்?"

அல்போன்ஸுக்குப் பார்பராவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "அழுவாத. காலையில மெஷின வச்சு எடுத்துடறேன். நாலு பேரக் கூப்பிடு. சாட்சியா இருக்கட்டும்."

"கெடைக்குமாங்க?"

"நான் இருக்கேன்ல?" என்றார் அல்போன்ஸ். அந்த வார்த்தையைச் சொன்னபோது அவருக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முடி வெட்டிக்கொள்ள உடனே கிளம்பினார்.

சனிக்கிழமை காலை பனி விலகும்போது முதல் நிரையில் இருபது பேர் நின்றார்கள். ருக்குமணி போனைத் தூக்கி வீடியோ பிடித்தது. அல்போன்ஸ் காதில் ஹெட்போன், கையில் மெஷின். எடுத்த எடுப்பில் அந்த இடத்துக்குப் போனால் சந்தேகம் வரும் என்று, முதலில் அந்தப் பக்கம் நடந்தார். ஒரு டின் மூடி கிடைத்தது. எல்லோரும் "ஆ" என்றார்கள். பிறகு இந்தப் பக்கம் நடந்தார். ஒரு ஆணி. கடைசியாக வெள்ளைக் கல்லுக்கு வந்தார். மெஷின் பீப் என்று அலறியது.

"அண்ணே, கத்துது!" என்று கத்தியது ருக்குமணி.

அல்போன்ஸ் மண்டியிட்டார். கொத்துக்கரண்டியால் மெதுவாகக் கிளறினார். பீப் பத்திரிகையில் வெள்ளைக்காரர்கள் செய்வதைப் போல மண்ணை விரலால் தடவினார். தங்கம் மின்னியது. மோதிரத்தை இரண்டு விரலால் தூக்கி வானத்துக்குக் காட்டினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பார்பரா ஓடிவந்தார். "போட்டுப் பாருங்க" என்றார்.

அல்போன்ஸ் விரலில் மாட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதைப் போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு சைஸ் சின்ன மோதிரம், வெயிலே படாமல் இப்படி விரிந்துவிட்டதா? சந்தேகத்தோடு கழற்றினார். ஓரத்தில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தது. அது பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஸ்பேனர் விழுந்து நசுங்கிய நசுங்கல். மோதிரத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார்.

'பா' என்று எழுதியிருந்தது.

அல்போன்ஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். புதைத்தது புதிது. எடுத்தது பழையது. எட்டு மாதம் தேடியும் கிடைக்காதது, தான் தோண்டிய குழிக்குள், தன் கையால் மூடிய மண்ணுக்குள் எப்படி வந்தது?

"நல்லா பாருங்க" என்றார் பார்பரா குனிந்து. "நம்ம மோதிரந்தானே?"

"நம்...ம மோதிரந்தான்."

"பின்ன ஏங்க பேயப் பார்த்த மாதிரி இருக்கீங்க?"

"சந்தோஷம்" என்றார் அல்போன்ஸ்.

"அண்ணே, சந்தோஷமா சிரிங்க, வீடியோ ஓடுது" என்றது ருக்குமணி.

கூட்டம் கலைந்ததும் அல்போன்ஸ் திரும்பி ஓடினார். பழையது கிடைத்தது சரி, புதியது எங்கே? சுத்தத் தங்கமாயிற்றே! அதே குழியை இரண்டு சாண் தோண்டினார். மூன்று சாண் தோண்டினார். மெஷின் மூச்சுவிடவில்லை. பக்கத்துச் செடியின் வேரைக் கிளறினார். அந்த நிரை முழுக்கக் கிளறினார். சாயங்காலம் பார்பரா பின்வாசலில் வந்து நின்றார்.

"மோதிரந்தான் கெடைச்சிருச்சே. இன்னும் என்னங்க தேடறீங்க?"

"சும்மா. தொண்டு."

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்திருந்தது. முதல் ஜோடி முடிந்து, அல்போன்ஸும் பார்பராவும் பீடத்தின் முன்னால் போய் நின்றார்கள். அல்போன்ஸ் கோட் போட்டிருந்தார். கண்ணில் தூக்கம் இல்லை. ஃபாதர் அவருடைய மோதிரத்தை வாங்கி, மந்திரித்து, விரலில் போட்டுவிட்டார்.

"அல்போன்ஸ், முப்பது வருஷத்துக்கு முன்னால பார்பராவுக்குக் குடுத்த வாக்க இன்னைக்கும் மனசாரப் புதுப்பிக்கிறீங்களா? அவங்க கையப் பிடிச்சுச் சொல்லுங்க."

பார்பரா முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். அல்போன்ஸ் பிடிக்கப்போனார். பாதியில் கை அந்தரத்தில் நின்றது.

பார்பராவுக்குக் கல்யாணத்தில் தாலி மட்டும்தான். மோதிரம் கிடையாது. இன்றைக்கு அந்தக் கையின் மோதிர விரலில் ஒரு மோதிரம் பளபளவென்று மின்னியது. அல்போன்ஸின் மோதிரத்தைப் போலவே அச்சாக இருந்தது. ரெண்டு சைஸ் சின்னது. தைத்துப் போட்ட மாதிரி பொருந்தியிருந்தது.

"அல்போன்ஸ்?" என்றார் ஃபாதர். "பதில் சொல்லுங்க."

"எப்படி?" என்றார் அல்போன்ஸ்.

"ஆமான்னு சொன்னா போதும்."

"அது சரி ஃபாதர். ஆனா எப்படி?"

கோயில் குலுங்கியது. பாட்டுக்குழு பெண்கள் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார்கள். பார்பரா பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார். "ஆமான்னு சொல்லுங்க. மத்தத அப்புறம் சொல்றேன்."

"ஆமா" என்றார் அல்போன்ஸ், காற்று போன டயரைப் போல.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பார்பராவே அவரை முகம்மதுவின் கடைக்குக் கூட்டிப்போனார். அதுவே அல்போன்ஸுக்கு ஓர் அதிர்ச்சி. உள்ளே நுழைந்ததும் ஃபௌசியா, "பார்பரா அக்கா, கையக் காட்டுங்க!" என்று ஓடிவந்தது அடுத்த அதிர்ச்சி. இரண்டு பேரும் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முகம்மது ஒன்றும் புரியாமல் ரொட்டி மாவோடு நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் அல்போன்ஸ்.

"எது?"

"மோதிரம் தொலஞ்சது."

"தொலஞ்சாத்தானே தெரியறதுக்கு? மறுநாளே ஓவரால துவைச்சேன். பை ஓட்டையில விழுந்து கால் மடிப்புல நின்னுருக்கு. வாஷிங் மெஷின் ரப்பர்ல மாட்டிக் கெடந்துச்சு."

அல்போன்ஸின் கண்முன்னால் எட்டு மாதம் ஓடியது. மழை ஓடியது. பனி ஓடியது. அட்டை ஊர்ந்தது. "அப்ப... அது காட்டுல விழவே இல்லியா?"

"காட்டுப் பக்கமே போகல."

"ஏன் பார்பரா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?" பார்பராவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "அன்னைக்குச் சாயங்காலம் கேட்டேன். என் இடுப்புல மோதிரம் முடிஞ்சிருக்கு. நீங்க லாக்கர்ல இருக்குன்னு சொல்றீங்க. எனக்கு மேலெல்லாம் பதறிப்போச்சு. முப்பது வருஷத்துல இந்த மனுஷன் எத்தனை லாக்கர் சொல்லிருப்பாரோன்னு. சரி, நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். ஒரு வாரம். ஒரு மாசம். நீங்க வரல, மெஷின்தான் வந்துச்சு."

அல்போன்ஸ் தலை குனிந்தார்.

"அப்புறம் நடக்க ஆரம்பிச்சீங்க. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கிளினிக்ல சுகர் எறங்கிருச்சுன்னு மாத்திரையப் பாதியா கொறச்சாங்களா இல்லியா? நாலு வருஷமா நடங்க நடங்கன்னு தொண்ட காஞ்சேன். அந்த நேரத்துல மோதிரத்தக் கையில குடுத்தா நடப்பீங்களா?"

"சரி, நான் புதைச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல்ல இருந்து பார்த்தேன். நீங்க முடி வெட்டப் போனதும் போய் மாத்துனேன். வெள்ளக் கல்லு வேற வச்சிருந்தீங்க, தேடற வேலையே இல்ல."

"அது... அன்னைக்குன்னு ஜன்னல்ல எப்படி நின்ன?"

பார்பரா நுரை பொங்க ஆற்றிய 'தே தாரே' டீயை ஒரு மடக்கு குடித்தார். பிறகு மெதுவாக, மனப்பாடச் செய்யுளைப் போலச் சொன்னார். "மண்ணுக்குள் குளிர்ச்சியில் கிடந்த தங்கம் வெயில் பட்டதும் விரியும்."

முகம்மதுவின் கையிலிருந்த மாவு உருண்டை மேசையில் விழுந்தது. அல்போன்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"அனுபவசாலி?"

"முப்பது வருஷம்" என்றார் பார்பரா.

"உங்க புஸ்தகம் ஒவ்வொரு மாசமும் முதல்ல அக்காகிட்டதான் போகும்" என்றார் ஃபௌசியா. "படிச்சுட்டுத் தருவாங்க. நான் உறைய அயர்ன் பாக்ஸ் வச்சு ஒட்டி, இவரு மேசையில போட்ருவேன். உங்க கடிதாசியப் படிச்சுட்டு அக்கா இங்கதான் உக்காந்து பதில் எழுதுனாங்க. அது அச்சுல வந்த அன்னைக்கே போய் ஃபாதர்கிட்ட பேரையும் குடுத்துட்டாங்க."

"என் கடைக்குள்ளயேவா?" என்றார் முகம்மது. அவருக்கும் உட்கார நாற்காலி தேவைப்பட்டது.

"மோதிரம் வேணும்னா கேட்டிருக்கலாமே!" என்று முனகினார் அல்போன்ஸ்.

"பத்தாவது வருஷம் கேட்டேன். அடுத்த வருஷம்னீங்க. இருபதாவது வருஷம் கேட்டேன். நமக்குள்ள எதுக்குன்னீங்க. வெள்ளக்காரன் புஸ்தகத்துல எழுதுனா உடனே ஈப்போவுக்குப் போறீங்க. நான் என்னங்க செய்யட்டும்?"

அல்போன்ஸ் பார்பராவின் விரலைப் பார்த்தார். மோதிரம் அழகாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அந்த விரல் சும்மா இருந்தது ஏன் கண்ணில் படவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. "எம்மேலதான் தப்பு பார்பரா" என்றார். பார்பரா தன் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

வீட்டுக்கு வந்த சூட்டோடு அல்போன்ஸ் ஒரு முடிவு எடுத்தார். இனி புதையலும் கிடையாது, பத்திரிகையும் கிடையாது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. மெஷினைத் துடைத்துப் பரணில் ஏற்றினார். பார்பரா அதை இறக்கி மறுபடியும் கதவுப் பக்கத்தில் சாத்தினார். "நடக்கறது நிக்கக்கூடாது" என்றார். நடை தொடர்ந்தது. பத்திரிகை இல்லாமல்தான் கை பரபரத்தது. அந்த மாதம் எந்த வெள்ளைக்காரருக்கு என்ன கிடைத்ததோ என்று நினைத்து நினைத்து ஏங்கினார்.

அடுத்த மாதம் ஒரு பிற்பகல், தபால்காரர் நேராக வீட்டு வாசலுக்கே வந்து ஓர் உறையைப் போட்டுவிட்டுப் போனார். பீப்! அல்போன்ஸ் பாய்ந்து எடுத்தார். உறையின் மேல் 'திருமதி பார்பரா' என்று இங்கிலீஷில் இருந்தது.

"என்ன பார்பரா இது?"

பார்பரா வந்து உறையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஆசிரியர் எழுதியிருந்தாரு. என் பதிலைப் படிச்சுட்டு நெறைய பேரு யோசன கேக்குறாங்களாம். மாசா மாசம் ஒரு பக்கம் எனக்குக் குடுத்திருக்காங்க."

"யாரு கேக்குறது?"

"எல்லாம் பொண்டாட்டிமாருங்க."

அல்போன்ஸ் உலகத்தில் உள்ள அத்தனை கணவன்மாருக்காகவும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார். கையை நீட்டினார். "குடு. படத்த மட்டும் பார்த்துட்டுத் தரேன்."

"முதல்ல நான் படிக்கணும். நாளைக்குப் பாலர் பள்ளியில விருந்து. நீங்க அதுவரைக்கும் அந்த வெங்காயத்த உரிங்க."

அல்போன்ஸ் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எவ்வளவு உரிக்கணும்?"

பார்பரா பக்கத்தைத் திருப்பினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூட்டை பூரா."